ஆயிரம் சொல் வேண்டாம், எண்பது போதும்

ஜனவரி 1 அன்று டைரி எழுத ஆரம்பித்து, பொங்கல் வரை இழுத்துப்பிடித்து, மாட்டுப்பொங்கலுக்கு அடுத்த நாளிலிருந்து அதே டைரியில் பால் கணக்கு எழுதுகிறோம். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்ளத் தேவையில்லை. தினமும் எழுத வைத்துக்கொண்ட அளவு தப்பு, அவ்வளவுதான்.

எழுத்து பழகுகிறவர்களுக்குச் சொல்லப்படும் "தினம் ஆயிரம் சொல்" என்பது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் கணக்கு. ஒரே மாதத்துக்குள் 50,000 சொல்லில் நாவல் எழுதும் சவால் 1999இல் அமெரிக்காவில் தொடங்கியது. 30 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 1,667. அதைத் தமிழுக்கு அப்படியே தூக்கிவந்தால் முதுகு ஒடியும். 'வீட்டிலிருந்து' நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு மூன்று. 'வராவிட்டால்' என்று நாம் ஒரே மூச்சில் முடிப்பதற்கு அவர்களுக்கு நான்கைந்து வேண்டும். என் கணிப்பில் அவர்களுடைய ஆயிரம், நமக்கு அறுநூறு எழுநூறுக்குள் அடங்கிவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது 15 நிமிடம், குறைந்தது 80 சொல். கோடு போட்ட நோட்டில் ஒரு வரிக்கு ஆறேழு சொல் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று வரி. காய்ச்சலில் படுத்திருந்தாலும் முடிகிற அளவாக இருக்க வேண்டும். ஓடுகிற நாளில் முந்நூறு வரும், வரட்டும். ஆனால் முந்நூறு வந்த மறுநாள் குறைந்தபட்ச அளவை முந்நூறாக ஏற்றிவிடாதீர்கள். நிறையப் பேர் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பதைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். காலைக் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் நோட்டு. ஆறு மணி என்று வைத்தால், ஆறேகாலுக்கு எழுந்த அன்று "இன்னைக்குப் போச்சு" என்று மனசு தப்பித்துக்கொள்ளும். காபி ஏழு மணிக்கு வந்தாலும் காபிதான்.

இனி, தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய இரண்டு தடைகள். ஆங்கிலத்தில் வரும் ஆலோசனைகளில் இவை இருக்காது.

ஒன்று, நாம் யோசிப்பது பேச்சுத் தமிழில், எழுத முயல்வது எழுத்துத் தமிழில். 'அவரு வந்துட்டுப் போயிட்டாரு' என்று மனசுக்குள் வருவதை 'அவர் வந்துவிட்டுச் சென்றுவிட்டார்' என்று மாற்றுவதற்குள் அடுத்த வாக்கியம் மறந்துபோகும். முதல் மாதம் வாயில் வருகிறபடியே எழுதுங்கள். மாற்றுவது தனி வேலை, அதற்குத் தனி நாள்.

இரண்டு, ஒற்றும் ற-ர குழப்பமும். 'எழுதி பார்த்தேன்' என்பதில் ப் வருமா வராதா? 'கறை'யா 'கரை'யா? சந்தேகம் வந்தால் சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். செல்போனில் அகராதி தேடப் போனவர் வாட்ஸப்பில்தான் கரையேறுவார். (அந்த ப் வரும். இப்போது நிம்மதியாகப் படியுங்கள்.)

கம்ப்யூட்டரில் தட்டுகிறவர்களுக்குத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு உழைப்பைக் குறைக்கும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் இருக்கும். அ, ம, ம, ஆ என நாலு தட்டில் 'அம்மா' வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் முதல் இரண்டு வாரம் விரல் தடவும், சொல் குறையும். அதனால் எழுத்துப் பழக்கத்தையும் விசைப்பலகையையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள்.

"என்னத்த எழுதுறது?" என்பவர்கள் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப் பார்க்கலாம். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸ் காலத்தின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை, இடையில் விட்டும் தொட்டும், தமிழில் நாட்குறிப்பு எழுதினார். தொடக்கத்திலேயே அவர் வகுத்துக்கொண்டது எளிமையான எல்லை. காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது போனது, புதுமையாக நடந்தது. உங்கள் தெருவிலும் கப்பல் வருகிறது. தண்ணீர் லாரி, தக்காளி விலை, மாடிவீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். கருத்தாக எழுதப் போனால் மூன்றாம் நாளே சரக்கு தீரும். பார்த்ததை எழுதினால் தீராது.

அன்றன்று முடிக்கும்போது கடைசி வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள். மறுநாள் வெள்ளைத்தாள் பயம் இருக்காது. முந்தைய நாளின் கடைசி மூன்று வரிக்கு மேல் படிக்கவும் வேண்டாம். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் முந்தைய நாள் எழுதியதை அரைமணி நேரம் வாசித்துவிட்டு, கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால்மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். அவர் ஒதுக்கியது மூன்று மணி நேரம். நம்மிடம் இருப்பது 15 நிமிடம். வாசித்துத் திருத்த உட்கார்ந்தால் முதல் பத்தி மட்டும் பளபளக்கும், இரண்டாம் பத்தி பிறக்காது.

21 நாளில் பழக்கம் படியும் என்பதை நம்பி 22ஆம் நாள் ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்டதில், பழக்கம் தானாக நடக்கச் சராசரி 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணிப்பு). அவர்கள் பழகியது தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது மாதிரி சின்னச் சின்ன வேலைகள். எழுத்து அதைவிடக் கஷ்டம், எனவே மூன்று நாலு மாதம் என்று வைத்துக்கொள்வது நியாயம். அதே ஆய்வில் ஒரு நாள் விட்டதால் பெரிய சேதம் இல்லை என்றும் தெரிந்தது. விட்ட நாளுக்கு வட்டிபோட்டு மறுநாள் 160 எழுதாதீர்கள். கடன் ஏறினால் நோட்டைத் திறக்கவே கை கூசும்.

எழுதியதைத் தினமும் சமூக வலைத்தளத்தில் பதிவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். மூன்று லைக் விழுந்த மறுநாள் எழுதவே தோன்றாது. முந்நூறு விழுந்தால் அதே மாதிரி இன்னொன்றைத்தான் எழுதத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் பக்கத்தையும் ஒன்றாகப் படியுங்கள். கோடு போட்ட சொற்களை அன்று அகராதியில் பாருங்கள். ஒரு பத்தி தேறினால் அதைப் பேச்சுத் தமிழிலிருந்து மாற்றி, திங்கட்கிழமை போடுங்கள். தேறாத வாரத்தில் ஒன்றும் போடவேண்டாம்.

கல்யாணம், ஊர்ப்பயணம் வரும் நாளுக்குச் சட்டைப்பையில் அல்லது கைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு ஒன்று தனியாக இருக்கட்டும். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் எண்பது சொல் முடிந்துவிடும்.