சாமி கும்பிடப் போகிறோமா, ஊர் சுற்றப் போகிறோமா?

நேற்று எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். பாதிப் பேர் அதே குரூப்பில்தான் இருக்கிறீர்கள், அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. கோயில்களோடு ஊர்களையும் சேர்த்துக் குடும்பமாகப் போய்வர நான் போட்ட பயணத் திட்டத்துக்குக் கீழே பெரியப்பா எழுதிய ஒரு வரிக்கு மட்டும் பதில். "சாமி கும்பிடப் போறீங்களா, ஊர் சுத்தப் போறீங்களா? ரெண்டையும் கலக்காதீங்க." அந்த வரி வந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு குடும்பம் கழன்றுகொண்டது. கேட்டால், "பெரியவர் சொல்றதும் சரிதானே" என்கிறார்கள்.

சரியில்லை. சிறு வயதில் என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவர் என்பதால் அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன்: கோயிலையும் அது நிற்கிற ஊரையும் பிரிக்க முடியாது. ஊரைப் பார்க்காமல் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதி தரிசனம்.

திட்டம் என்ன அப்படித் தப்பாகிவிட்டது? சிதம்பரம், பிச்சாவரம், தரங்கம்பாடி, திருக்கடையூர், அப்புறம் கும்பகோணத்தில் தங்கி சுவாமிமலை, தாராசுரம், தஞ்சாவூர். இதில் பெரியப்பாவை உறுத்தியது பிச்சாவரமும் தரங்கம்பாடியும். "படகு சவாரி எதுக்கு?" என்று தனியாகவும் கேட்டார்.

சொல்கிறேன். சிதம்பரத்தின் தலவிருட்சம், அதாவது கோயிலுக்குரிய புனித மரம், தில்லை மரம். தில்லைவனத்தில்தான் நடராஜர் ஆடினார் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த வனம் இன்று கோயிலைச் சுற்றி இல்லை. தில்லை மரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டுக்குத்தான் போக வேண்டும். துடுப்புப் படகில் போகும்போது சுரபுன்னையின் வேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். தில்லை மரத்தில் கை வைக்கக் கூடாது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தலவிருட்சத்தின் பெயரை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு மரத்தைப் பார்க்காமல் வருவது பக்தி, அதைத் தேடிப் போய்ப் பார்ப்பது பிக்னிக் என்றால் எனக்குப் புரியவில்லை.

பெரியப்பா சொல்லும் "சுத்தமான" கோயில் யாத்திரையும் நான் போயிருக்கிறேன். ஒரு டூர்காரரின் வேனில், அம்மாவோடு, ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதும். விடியுமுன் கிளம்பினோம். திங்களூரில் இறங்கும்போதே "பத்து நிமிஷம்தான், சீக்கிரம் வந்துடுங்க" என்று டிரைவர் ஆரம்பித்துவிட்டார். நடை சாத்துவதற்குள் அடுத்த கோயில், அடுத்த கோயில் என்று ஓட்டம். ஆலங்குடியில் அம்மா கண்ணை மூடி நின்றவள் திறப்பதற்குள் வெளியே ஹார்ன் சத்தம். திருநள்ளாற்று வரிசையில் நிற்கவே முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி லாட்ஜுக்கு வந்து மஞ்சப்பையைக் கவிழ்த்தால் விபூதிப் பொட்டலம், குங்குமப் பொட்டலம் எல்லாம் ஒரே மாதிரி. "இது எந்தக் கோயில்டா?" என்று ஒவ்வொன்றாக எடுத்து என்னைக் கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கும்பகோணத்திலிருந்து நாலே கிலோமீட்டரில் தாராசுரம் இருந்தும் வேன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒன்பதில் அது இல்லையாம்.

தாராசுரம்! இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுத்த கோயில். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் அங்கே இருக்கிறது. ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் யானை, இன்னொன்றை மறைத்தால் காளை. கருவறைச் சுவரின் அடியில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. குனிந்து, நிதானமாக, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியவை. இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் ஊர் சுற்றுவதாம்.

லீவு கிடைக்காதவர்கள், ஒரே நாளில் முடித்தாக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தையே பக்தியின் அளவுகோலாக வைத்து எங்களை அளக்காதீர்கள்.

"ஊர் பார்க்கப் போனால் சாமிக்கான நேரம் குறையுமே" என்று ஒருவர் கேட்டார். இவர்களுக்குக் கோயில் நேரமே தெரியாதா? நம் பக்கம் பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் வேன் நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தால் புண்ணியம் கூடுமா? சுவாமிமலையில் அந்த நேரத்துக்கு சிலை செய்யும் ஸ்தபதிகளின் பட்டறைக்குப் போகலாம். மெழுகில் விக்கிரகம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சோழர் காலத்திலிருந்து வருகிற முறை. வீதியுலா வரும்போது நாம் கையெடுத்துக் கும்பிடும் உற்சவர் எப்படி உருவாகிறார் என்று பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

"மனசு சிதறும்" என்பது இன்னொரு வாதம். திருஞானசம்பந்தரை விடவா நம் மனசு குவிந்துவிட்டது? திருவையாற்றில் பெண்கள் வலம் வந்து ஆட, முழவு என்கிற மேளம் அதிர, மழை வருகிறதென்று பயந்து குரங்குகள் மரமேறி மேகத்தைப் பார்த்ததை அவர் சாமி பாட்டுக்குள்ளேயே வைத்தார். தேவாரத்தைத் திறந்தால் வயல், வாளை மீன், கமுகு, காவிரி, கடல் என்று ஊர் ஊராக விரிகிறது. அவர்கள் பார்த்தார்கள், பாடினார்கள். நாம் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு போய் வர வேண்டுமாம்.

தரங்கம்பாடிக்கு வருகிறேன். "அது வெள்ளைக்காரன் கோட்டை" என்றார் பெரியப்பா. கோட்டை டேனிஷ்காரர்களுடையதுதான். 1620இல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கட்டியது. ஆனால் அதே கடற்கரையில் அதற்கு முன்னூறு வருஷம் முந்தைய மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில், 1306ஆம் வருஷத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. திருக்கடையூருக்கு வருஷா வருஷம் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வேன் வேனாகப் போகிறோம். அங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. கடலோடு அத்தனை காலம் நின்ற சிவன் கோயிலை நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்?

செலவு கூடும் என்றவர்களுக்கு: ஆமாம், ஒரு ராத்திரி தங்கல் கூடும்.

"கோயிலுக்குப் போனால் நேரே வீட்டுக்கு வரணும், வழியில் எங்கும் போகக் கூடாது" என்று அத்தை சொன்னது வேறு. அது நம்பிக்கை, அதை மதிக்கிறேன். அதனால்தான் ஊர் பார்ப்பதையெல்லாம் நடுவில் வைத்து, கடைசியாகப் பெரிய கோயிலில் தரிசனம் முடித்து நேரே வீடு என்று திட்டம் போட்டேன். யாராவது கடைசி வரை படித்தீர்களா?

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. அம்மா முதன்முதலில் கடலைப் பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம், திருச்செந்தூரில். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுவதைப் பார்த்தது ஒரு ஆடிப்பெருக்குக்கு. எங்கள் வீட்டுப் பெண்கள் சாமி பெயரைச் சொன்னால்தான் வாசல் தாண்ட முடிந்தது. பெரியப்பா ஆபீஸ் சிநேகிதர்களோடு ஊட்டியும் கொடைக்கானலும் போய் வந்தார், அப்போது யாரும் அவரிடம் "சாமி கும்பிடவா, ஊர் சுத்தவா" என்று கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்கிறார்கள். முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு, இன்னும் நடக்க முடிகிறபோதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவளிடம் கேட்கிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு, "படகெல்லாம் வேண்டாம்டா, கோயில் மட்டும் போதும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வேண்டாம் என்பதை நான் கேட்கப் போவதில்லை. பிச்சாவரம் உண்டு. வெயில் ஏறுமுன் போவோம். தரங்கம்பாடியும் உண்டு. வேனில் இப்போது இரண்டு குடும்பத்துக்கு இடம் இருக்கிறது, அதில் முதல் இடம் இன்னமும் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்தான். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், சிதம்பரத்தில் ரூம் போட வேண்டும்.