ரேகை தேய்ந்த கைக்கு எந்தப் பூட்டு?

போன வாரம் கடைக்கு ஒரு அக்கா வந்தார். பூ மார்க்கெட் பக்கம் பூக்கட்டுகிறவர். போனை மேசை மேல் வைத்துவிட்டு, "தம்பி, வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை, பிங்கர் எடுக்கவே மாட்டேங்குது. மாத்திக் கொடுக்கச் சொல்லு" என்றார். என் விரலைப் பதிந்து பார்த்தேன், தொட்டதும் திறந்தது. கடைப் பையன் விரலுக்கும் திறந்தது. அப்புறம் அக்காவின் கையைக் காட்டச் சொன்னேன். நாள் முழுக்க ஈர நாரோடு கிடக்கிற கை. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நார் உரசி உரசி அந்த இடத்தில் தோல் வழுவழுவென்று ஆகிவிட்டது. போனில் ஒரு பழுதும் இல்லை.

திண்டுக்கல்லில் 11 வருடமாக மொபைல் கடை வைத்திருக்கிறேன். விற்பனை, சர்வீஸ் இரண்டும் உண்டு. "பிங்கர் நல்லதா, ஃபேஸ் நல்லதா?" என்று கேட்காத ஆளே இல்லை. யூடியூபில் எல்லாரும் எது வேகமாகத் திறக்கிறது என்று விநாடிக் கணக்கு சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய கணக்கு. வாங்கப்போகிறவர் என்ன வேலை செய்கிறார், அவர் கை எப்படி இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கையால் உழைக்கிறவர்கள். அவர்கள் கையை மனதில் வைத்து யாரும் போன் செய்கிற மாதிரி தெரியவில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ரேகையை போன் எப்படிப் படிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இது புரியும். பக்கவாட்டு பவர் பட்டனில் இருக்கிற சென்சார் மின்சாரத்தை வைத்து வேலை செய்கிறது. ரேகையின் மேடு பட்டனைத் தொடும், பள்ளத்தில் காற்று நிற்கும். இரண்டு இடத்திலும் மின்னூட்டம் வேறு வேறாக இருப்பதால் மேடு பள்ளம் ஒரு வரைபடமாக அதற்குத் தெரிகிறது. விரலில் தண்ணீர் இருந்தால் பள்ளமெல்லாம் நிரம்பி, மேடு எது பள்ளம் எது என்று அதற்குப் பிடிபடாது. விரல் காய்ந்து வெடித்திருந்தாலும் தகராறுதான். திரைக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை. திரை பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், கீழே ஒரு குட்டிக் கேமரா விரலைப் படம் எடுக்கும். வறண்ட தோல், தேய்ந்த ரேகை என்றால் படம் தெளிவாக விழாது. விலை கூடிய சில போன்களில் மட்டும் ஒலி அலையை அனுப்பி எதிரொலியில் ரேகையைப் படிக்கிற சென்சார் உண்டு. சாம்சங் 2019-ல் கேலக்ஸி எஸ்10-ல் அதைக் கொண்டுவந்தது. ஈரக் கைக்கு அது மற்றதைவிடப் பரவாயில்லை. ஆனால் மேலே ஒட்டுகிற கண்ணாடியில் கவனம் வேண்டும். சாதா டெம்பர் கிளாஸ் ஒட்டி இடையில் காற்று நின்றுவிட்டால் ரேகை எடுக்காது. அதே 2019-ல் ஒரு சிலிகான் கவரைத் திரைமேல் போட்டால் யார் விரலுக்கும் அந்த போன் திறக்கிறது என்று பெரிய பிரச்சினையாகி, சாம்சங் அப்டேட் கொடுத்துத்தான் சரிசெய்தது.

போனின் முதுகில் வட்டமாக ஒரு ரேகை சென்சார் இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? பையிலிருந்து எடுக்கும்போதே ஆள்காட்டி விரல் தானாக அங்கே போய் நிற்கும். இருட்டில்கூடத் தடவிக் கண்டுபிடிக்கலாம். நான் விற்ற போன்களில் ரேகைப் புகார் குறைவாக வந்தது அந்த வகையில்தான். 2018 தொடக்கத்தில் விவோ திரைக்கு அடியில் சென்சார் வைத்த போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்க்க அழகு. அதிலிருந்து எல்லாரும் அந்த வழியில் போய்விட்டார்கள், முதுகுப் பக்க சென்சார் மெல்ல மறைந்தது. இப்போது விலை குறைந்த மாடல்களில் பக்கவாட்டு பட்டன் மிச்சம் இருக்கிறது. சட்டைப் பையில் அது தவறிப்போய்ப் பட்டு, ஐந்து முறை தப்பான ரேகை என்று எண்ணிப் பூட்டிக்கொள்வதும் உண்டு. இருந்தாலும் திரைக்கு அடியில் இருப்பதைவிட அதையே நான் எடுக்கச் சொல்வேன்.

சரி, முகம் வைத்துத் திறக்கலாமே என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முகப்பூட்டு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கின்றன. ஆப்பிள் 2017-ல் ஐபோன் எக்ஸில் கொண்டுவந்தது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை 30,000-க்கு மேல் முகத்தில் தெளித்து, மூக்கு எவ்வளவு எடுப்பு, கண்குழி எவ்வளவு ஆழம் என்று அளக்கிறது. இருட்டிலும் வேலை செய்யும். முன்பின் தெரியாத ஒருவர் முகத்துக்குத் திறக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு, விரல் என்றால் 50,000-ல் ஒரு வாய்ப்பு என்பது ஆப்பிள் சொல்கிற கணக்கு. இரட்டையர், ஒரே சாயலில் உள்ள உடன்பிறந்தவர், 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

மற்றது, நம் ஊரில் அதிகம் விற்கிற போன்களில் இருப்பது. வெறும் செல்ஃபி கேமரா ஒரு படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஆழம் பார்க்க அதில் ஒன்றும் கிடையாது. நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் 110 போன்களைச் சோதித்து 2019 தொடக்கத்தில் முடிவை வெளியிட்டது. உரியவரின் புகைப்படத்தைக் காட்டியதும் 42 போன்கள் திறந்துகொண்டன. என் கடையிலேயே ஒருநாள் நடந்தது. கல்லூரியில் படிக்கிற பெண் புது போனுக்கு முகம் பதிந்து முடித்தாள். கூட வந்த தங்கை விளையாட்டாக வாங்கித் தன் முகத்தைக் காட்டினாள். திறந்துவிட்டது. அக்காளின் முகம் அப்படியே வாடிவிட்டது. அந்த இடத்திலேயே முகத்தை அழித்துவிட்டு விரலைப் பதியச் சொன்னாள்.

"ஃபேஸ் வச்சு போன் திறக்குது, பேங்க் ஆப் மட்டும் திறக்கலையே, ஏன்?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். காரணம் இதேதான். ஆண்ட்ராய்டில் இந்தப் பூட்டுகளுக்கு மூன்று தரம் உண்டு. கடைசித் தரத்தில் இருக்கிற முகப்பூட்டு போனைத் திறக்க மட்டும் செல்லும், வங்கிச் செயலியை அதை நம்பித் திறக்க ஆண்ட்ராய்டு விடாது. பணத்துக்கு நம்பாத பூட்டை போன் வாசலுக்கு மட்டும் எப்படி நம்புவது? குடும்பப் படம், மருத்துவச் சீட்டு, ஆதார் நகல் எல்லாம் அதற்குள்தானே கிடக்கிறது.

அப்பா இதற்கு என்ன சொல்வார் என்று அடிக்கடி நினைப்பேன். அவர் பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளை வெட்டி அலமாரியில் ஒட்டிவைத்தவர். 40 வருடம் அரம் பிடித்து லீவரும் சாவியும் ராவியிருக்கிறார். சாவியை இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கிப் பிடிக்கும், வலது கை அரத்தைத் தள்ளும். பித்தளைத் தூள் நக இடுக்கில் ஏறிப்போய், குளித்தாலும் போகாது. 2020-ல் ரேஷன் கடையில் கைரேகை முறை வந்தபோது, "உங்களுக்கு ரேகை விழலை, வேற விரல் வைங்க" என்று பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னாளில் கருவிழி பார்க்கிற கருவி வந்தபிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது.

அவருக்கு போன் வாங்கிக் கொடுத்தபோதுதான் நான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். இடது கை மோதிரவிரல் அரத்திலும் படாமல் சாவியிலும் படாமல் தப்பித்திருந்தது. அந்த ஒரே விரலை இரண்டு தடவை, இரண்டு தனி விரல் மாதிரி பதிந்தேன். முதல் தடவை நுனி, இரண்டாவது தடவை பக்கவாட்டு. பத்துக்கு எட்டு முறை எடுக்கிறது. மார்கழியில் தோல் வறண்டால் விரலில் ஹா என்று ஒரு ஊது ஊதிவிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த லேசான ஈரம் போதும், எடுத்துவிடும்.

பூக்கட்டுகிற அக்காவுக்கும் அதையே செய்தேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் முன்னால் வரச் சொல்லி, கை காய்ந்திருக்கும்போது இரண்டு சுண்டுவிரலையும் பதிந்துகொடுத்தேன். ஆறு இலக்க எண்ணும் போட்டுக்கொடுத்தேன். திரையில் கோடு இழுக்கிற பேட்டர்ன் வேண்டாம் என்றேன். எண்ணெய்க் கை இழுத்த தடம் வெளிச்சத்தில் அப்படியே தெரியும். "முகத்தை வச்சுக் கொடேன் தம்பி, சுலபமா இருக்கும்ல" என்று அவர் கேட்கத்தான் செய்தார். அவருடைய போனில் இருப்பது வெறும் கேமரா. மனசு வரவில்லை.

ஐபோன் வைத்திருக்கிறவர்களுக்கு நான் முகத்தையே வைக்கச் சொல்கிறேன். கண் திறந்து போனைப் பார்த்தால்தான் அது திறக்கும், தூங்கும்போது யாரும் முகத்துக்கு நேரே நீட்டி ஏமாற்ற முடியாது. விரல் என்றால் தூங்குகிறவர் கையை எடுத்து வைத்துவிடலாம். கொரோனா காலத்தில் முகக்கவசத்தோடு திண்டாடியதுகூட 2022-ல் வந்த அப்டேட்டோடு ஐபோன் 12-க்கு மேல் உள்ளவற்றில் தீர்ந்துவிட்டது. ஆக, ரேகை தேய்ந்தவருக்கு உண்மையில் பொருத்தமான பூட்டு அதுதான். ஆனால் அது இருக்கிற புது போனின் விலை பெரும்பாலும் அரை லட்சத்தைத் தாண்டுகிறது. அதை வாங்குகிறவர்களில் சிமென்ட் குழைக்கிறவர் எத்தனை பேர்? ஆழம் பார்க்கும் கேமரா யாருக்கு முதலில் வேண்டுமோ அவர் வாங்குகிற போனில் அது இல்லை. மூன்று கேமரா, நான்கு கேமரா என்று முதுகில் அடுக்குகிற நிறுவனங்கள் அதில் ஒன்றைக் குறைத்துவிட்டு, முன்னால் ஒரு அகச்சிவப்புக் கேமரா வைத்தால் என்ன? அது முடியாது என்றால் அந்தப் பழைய முதுகு சென்சாரையாவது திருப்பிக் கொடுங்கள்.

அப்பாவின் போனில் பேட்டரி உப்பிவிட்டது, புதிது வாங்க வேண்டும். பக்கவாட்டு பட்டனில் ரேகை இருக்கிற மாடலாகத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கொத்தனார் வேலை, தோல் பதனிடும் வேலை, பாத்திரம் துலக்குகிற வேலை, மீன் வெட்டுகிற வேலை, எதுவானாலும் சரி, உங்கள் வீட்டில் அப்படிக் கை உள்ளவர்கள் இருந்தால், எந்த போனில் ரேகை ஒழுங்காக எடுக்கிறது, எந்த விரலைப் பதிந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்வேன்.