வெளித்தகடு வெறும் மூடி அல்ல
விமான இறக்கையின் வெளித்தகடு சும்மா மூடி, பாரம் முழுக்க உள்ளே நீளவாக்கில் ஓடும் ஸ்பார் என்ற உத்திரம்தான் சுமக்கிறது என்று ஒரு கட்டுரையில் இருப்பது துணி போர்த்திய பழைய விமானங்களுக்குச் சரி. ஜெட் விமானத்தில் இறக்கை மேலே வளையும்போது மேல்தகடு நெருக்கப்படுகிறது, கீழ்த்தகடு இழுபடுகிறது. இறக்கையை முறுக்கும் விசையைத் தகடும் ஸ்பாரும் சேர்ந்த பெட்டிதான் வாங்கிக்கொள்கிறது. இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் ரிப் என்ற சட்டத்தில் ஓட்டை போட்டால் பலம் போகாதா என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருக்கிறார். ஓட்டை எடை குறையத்தான். ஓசூர் சிப்காட்டில் ஆறு வருஷம் ஷீட் மெட்டல் வேலை பார்த்தவன் நான். ஓட்டையின் விளிம்பை உதடு மாதிரி மடக்கிவிடுவோம், அந்த மடிப்புதான் தகடு நெளியாமல் பிடிக்கும். மடக்காத துண்டைத் தூக்கினால் பொரிக்காத அப்பளம் மாதிரி ஆடும்! 1995-ல் போயிங் 777 இறக்கையை உடையும்வரை வளைத்தார்கள். பறப்பில் எதிர்பார்க்கும் உச்ச பாரத்தில் 154 சதவீதம் வரை தாங்கியது, பாதுகாப்பு விதி கேட்பது 150. மூடியை நம்பி அவ்வளவு வளைப்பார்களா?