தட்டு சும்மா திரும்பக் கூடாது

தீபாவளி முடிந்து நான்கு நாளாகிறது. கொழும்பில் என் போர்டிங் அறையில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பித்தளைத் தட்டு இருக்கிறது. என்னுடையது இல்லை, எங்கள் வீட்டுடையதும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஓர் எரிச்சல் இருக்கிறது, அதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஒருவர் பதிவு போட்டிருந்தார். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கம்பனியிடம் தீபாவளி முற்பணம் வாங்கி, கறியும் புதுத்துணியுமாக ஒரே நாளில் கரைத்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் கடன் கட்டுகிறார்களாம். கொடுத்த கம்பனிக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல மாட்டார்களாம். கீழே நம்ம ஆட்களே பத்துப் பேர் "உண்மைதான்" என்று போட்டிருந்தார்கள். அதுதான் வலித்தது.

சரி, கணக்குப் பார்ப்போம். தீபாவளி முற்பணம் அன்பளிப்பு இல்லை. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற என் அம்மா இனிமேல் உழைக்கப்போகிற காசை அம்மாவிடமே முன்கூட்டிக் கொடுத்து, பிறகு மாதாமாதம் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், வெட்டிக்கொள்வது. நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது 2024இல். அதற்கும் எங்கள் மலையில் 18 கிலோ கொழுந்து நிறுக்க வேண்டும், அப்போதுதான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். மழையில் இடுப்பில் கட்டிய படங்கு ஊறி, காலில் அட்டை ஏறி, 13 கிலோவோடு வந்து நின்றால் அரைப் பேர். தன் கூலியைத் தானே கடனாக வாங்கித் தன் பிள்ளைக்குச் சட்டை எடுத்ததற்கு அம்மா யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

லீவுக் கதையும் இதே மாதிரிதான். நான் வேலை செய்கிற கடையில் தீபாவளிக்கு ஒரு நாள் லீவு. 2023இல் நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. கடை எப்படியும் பூட்டுகிற நாள், ஆகவே லீவே இல்லை. 2024இல் வியாழன். புதன் இரவு ஓடிப் போய், வெள்ளி காலை கதவு திறக்கிற நேரத்துக்கு வந்து நின்றேன். இந்த வருடம், 2025இல், ஒக்டோபர் 20, திங்கள். ஞாயிறும் சேர்ந்து இரண்டு பகல் கிடைத்தது. அடுத்த வருடம் நவம்பர் 8, மறுபடி ஞாயிறு! கலண்டர் பார்த்துத்தான் எங்கள் குடும்பம் ஒன்றுசேர்கிறது. மலையகத்தில் தமிழ்ப் பாடசாலைகளுக்குச் சில வருடங்களில் மறுநாளும் லீவு விட்டு, பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைப்பார்கள். அதைக் கடைகளும் செய்யலாமே. ஒரு ஞாயிறு வந்து வேலை செய்து தருகிறோம், மறுநாளைக் கொடுங்கள். இதைச் சலுகையாகக்கூட நான் கேட்கவில்லை.

அப்புறம் சனிக்கிழமை இரவு புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். அவிசாவளை வரைக்கும் ஒற்றைக் காலில்தான். கித்துல்கலை தாண்டி உட்கார இடம் கிடைத்தது. வட்டவளையில் குளிர் உள்ளே வந்தது, யாரோ ஷட்டரை இழுத்துவிட்டார்கள். ஹட்டனில் இறங்கி, ஒரு சாயத்தண்ணி குடித்து, விடிகிற நேரத்தில் பொகவந்தலாவை பஸ். மிச்சத்தை நடந்தேன்.

இந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, ஆவணியில் இறந்துபோனார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. புதுத்துணியும் இல்லை, பட்டாசும் இல்லை. அம்மா தீபாவளியன்றும் வழக்கம்போல விடியற்காலை எழும்பி அடுப்பைப் பற்ற வைத்து, ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் காம்பராவில் வடை பொரிகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. எங்கள் அடுப்பில் வெறும் ரொட்டிக்கல்.

ஐந்தரை இருக்கும். இன்னும் இருட்டு. கதவைத் தட்டினார்கள். நான் திறந்தபோது வாசல் இஸ்தோப்பில் ஆள் இல்லை, ஒரு தட்டு இருந்தது, வாழையிலையால் மூடி. இலையைத் தூக்கினால் அதிரசம், ஓரம் கொஞ்சம் கருகி. அரை மணிக்குள் அடுத்தது. வடை ஐந்து, அதில் ஒன்றைக் கொண்டுவந்த பொடியன் வழியிலேயே கடித்திருந்தான். பிறகு முறுக்கு, பிறகு இட்லியும் ஆட்டுக்கறியும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஆறு காம்பரா முன்பக்கம், ஆறு பின்பக்கம். பின்பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருக்கிறது, நத்தாருக்கு லயம் முழுவதற்கும் கேக் வெட்டிக் கொடுப்பவர்கள். அவர்கள் தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய் வைத்ததே இல்லை. இந்த வருடம் எங்கள் வீட்டில் சட்டி ஏறாது என்று தெரிந்து அவர்கள் முறுக்குப் பிழிந்திருக்கிறார்கள். வடிவம் சரியாக வரவில்லை. அதைத்தான் அம்மா முதலில் எடுத்துச் சாப்பிட்டார்.

பத்து மணிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கீரை கொண்டுவரும் சிங்களத்து ஐயா வந்தார். தாளில் சுற்றிய கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு. அப்பாயி சாயத்தண்ணியை அந்தக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார். ஐயா ஒன்றும் பேசவில்லை. அப்பாயியின் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் மழை பிடித்தது. எங்களுக்குத் தீபாவளி வருவதே ஐப்பசி இடிமழையில்தான். மழை பலத்தால் அப்பாயி லயத்துக்குப் பின்னால் போய் மேட்டைப் பார்த்துவிட்டு வருவார். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடிய வருடத்திலிருந்து அந்தப் பழக்கம். 2014 தீபாவளி ஒக்டோபர் 22, மண் வந்தது 29 காலை. ஒரே ஒரு நாள் உடுத்திய தீபாவளித் துணியை எங்கள் லயத்தில் எல்லோரும் மடித்து, அங்கே தப்பியவர்களுக்காக லொறியில் ஏற்றினோம். எனக்கு அந்த நீலச் சட்டையைக் கொடுக்க மனமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாயிதான் கழற்ற வைத்தார்.

சாயந்திரம் அம்மா தட்டுகளைக் கழுவி அடுக்கினார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவு வராது, நெளிவைப் பார்த்தே எந்த வீட்டுத் தட்டு என்று சொல்லிவிடுவார். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சும்மா கொடுக்கக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனி. நன்றி என்ற சொல்லை எங்கள் லயத்தில் கூட்டத்துக்கு வருகிற ஆட்களிடமிருந்துதான் கேட்டிருக்கிறேன். தேயிலைத் தொழிலாளர்கள் நாட்டின் முதுகெலும்பு, அவர்களுக்கு நன்றி என்பார்கள். வீட்டுக்கு வீடு போவது சீனிதான்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. துக்க வீட்டுச் சீனியை நல்ல நாளில் கொடுக்கலாமா? பின்பக்கத்துப் பெரியம்மா தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் நின்றே சத்தம் போட்டார்: "குடுக்காம விட்டாத்தான்டி ஒம் மாமியா வந்து கேப்பா. போடு ஒரு புடி." அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தார்.

எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு தட்டு. எங்களைக் கழித்தால் லயத்தில் பதினொரு வீடுதான். பதினொன்று எவர்சில்வர், ஒன்று மட்டும் பித்தளை. அடியில் தேய்ந்துபோன எழுத்து, முதல் எழுத்து "சு" மாதிரி இருக்கிறது. அந்த எழுத்தில் இப்போது லயத்தில் யாரும் இல்லை. எல்லா வீட்டிலும் கேட்டோம், எங்களுடையது இல்லை என்றார்கள். இந்தியாவுக்குப் போன ஆட்கள் விட்டுப்போன சாமானாக இருக்கும் என்றார் பெரியம்மா. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 525,000 பேரை அந்தப் பக்கம் அனுப்பக் கையெழுத்திட்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறவர்கள் சுமக்க முடியாததையெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

அப்பாயியின் அண்ணன் குடும்பம் அப்படிப் போனதுதான். கோத்தகிரியில் இருக்கிறார்கள், அங்கேயும் தேயிலைதான். அன்றைக்கு இரவு வீடியோ கோல் எடுத்தபோது தட்டைத் திருப்பிக் காட்டினேன். அந்தப் பக்கத்து அத்தை கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். "எங்க வீட்டுது இல்லப்பா. இருந்தாலும் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றார். காட்டினேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

செவ்வாய் காலை வேலைக்கு வந்தாக வேண்டும். அந்த இரவே கிளம்பும்போது அம்மா மிச்சப் பலகாரத்தை அந்தத் தட்டிலேயே வைத்து, துணியால் கட்டிப் பையில் திணித்துவிட்டார். அறையில் இருக்கிற மூன்று பையன்களும் சேர்ந்து இரண்டு நாளில் முடித்தாயிற்று. தட்டைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். "சு"வுக்குப் பிறகு ஒரு புள்ளி தெரிகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

தைப்பொங்கல் வியாழக்கிழமை வருகிறது. லீவு ஒரு நாள். போனால் எந்த வீட்டு இஸ்தோப்பில் வைப்பது என்று அம்மா சொல்வார். சீனியை ஹட்டனில் வாங்கிக்கொள்ளலாம்.