ஓநாயின் பல்லைப் பிடுங்கியது யார்?

போன வாரம் மகளுக்குப் படித்துக் காட்ட சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதையின் புது வடிவம் ஒன்றை எடுத்தேன். யாரோ பரிசாகக் கொடுத்த படப்புத்தகம். அட்டையில் பொன்னிற எழுத்து, வழவழப்பான தாள், கண்ணுக்கு இதமான நிறங்கள். கதைப்படி ஓநாய் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பாட்டி திறக்கிறார். எனக்கு நண்பர்களே இல்லை என்று ஓநாய் அழுகிறது. பாட்டி அதைக் கட்டிக்கொள்கிறார். சிறுமியும் வந்து சேர, மூவரும் விருந்து சாப்பிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில், தோற்றத்தை வைத்து யாரையும் எடை போடக்கூடாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

ஐந்து வயதுக்காரி பொறுமையாகத்தான் கேட்டாள். முடிந்ததும் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, பின்னாலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அப்பா, 'பாட்டி, உனக்குப் பல்லு ஏன் இவ்ளோ பெருசா இருக்கு'ன்னு இவ எப்பக் கேப்பா?"

"இந்தக் கதையில அது இல்லைம்மா."

"அப்ப ஓநாய் எதுக்கு வந்துச்சு?"

பழைய கதையில், பாட்டி வேடம் போட்டுப் படுத்திருக்கும் ஓநாயிடம் சிறுமி கேட்கும் கேள்வி அது. எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரமாக அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

பழைய கதையைத் தொடாதே என்று சண்டை போடும் கட்சி இல்லை நான். அந்தக் கட்சிக்கு நிற்க இடமும் இல்லை. இந்தக் கதைகள் ஒரு நாளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1697இல் பிரான்ஸில் சார்ல் பெரோ அச்சேற்றிய சிவப்புக் குல்லாய் கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடும். அவ்வளவுதான், கதை முடிந்தது. வயிற்றைக் கிழித்து அவளை உயிரோடு வெளியே எடுக்கும் வேட்டைக்காரர், 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதைத் தொகுப்பில்தான் வருகிறார். அந்தக் கிரிம்களும் சும்மா இருக்கவில்லை. முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். 1857இல் வந்த ஏழாம் பதிப்பு வரை திருத்திக்கொண்டே இருந்தார்கள். தவளை இளவரசன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தம் கொடுத்ததும் தவளை இளவரசனாக மாறியது என்றுதான் நம்மில் பலருக்கும் ஞாபகம். கிரிம்களின் கதையில் இளவரசி எரிச்சலில் தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள், உடனே அது மாறுகிறது!

கடைசியில் நீதி ஒட்டும் வியாதியும் இன்று வந்ததல்ல. பெரோவே ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் செய்யுளில் ஒரு நீதி வைத்தவர்தான். ஆனால் அவர் ஓநாயைப் பல்லோடு விட்டுவைத்து, அது தின்று முடித்த பிறகுதான் நீதிக்கு வந்தார்.

இப்போது வரும் பல புத்தகங்களில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பெரியவர்கள் முதலில் நீதியை முடிவு செய்கிறார்கள். அப்புறம் அதற்கு இடைஞ்சலாக இருப்பதை எல்லாம் கதையிலிருந்து கழற்றுகிறார்கள். சூனியக்காரிக்கு மனக்கஷ்டம், ராட்சதனுக்குத் தனிமை, டிராகனுக்குக் கூச்சம். ஒரு புத்தகத்தில் இருந்தால் ரசிக்கலாம். எடுக்கிற புத்தகத்தில் எல்லாம் இதுவே என்றால், குழந்தைக்குப் பயப்பட எதுவும் மிஞ்சாது. பயம் இல்லாவிட்டால் தப்பித்த சந்தோஷமும் கிடைக்காது.

இளவரசி கதைகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இன்றைய இளவரசிகள் எல்லோரும் துணிச்சல்காரிகள். நல்லதுதான், என் மகளுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் எதன் முன்னால் துணிச்சல்? ராபர்ட் மன்ச் எழுதி மைக்கேல் மார்ட்சென்கோ படம் வரைந்த 'பேப்பர் பேக் பிரின்சஸ்' 1980இல் வந்தது. அதில் டிராகன் நிஜமாகவே அரண்மனையை எரிக்கிறது, இளவரசியின் உடைகளைச் சாம்பலாக்குகிறது, இளவரசனைத் தூக்கிக்கொண்டு போகிறது. உடுத்த எதுவும் இல்லாமல் ஒரு காகிதப் பையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்புகிறாள். உன்னால் இத்தனை காட்டை எரிக்க முடியுமா, உலகத்தையே சுற்றி வர முடியுமா என்று உசுப்பேற்றியே அந்த டிராகனைக் களைத்து விழ வைக்கிறாள். காப்பாற்றப்பட்ட இளவரசனோ, உன் கோலத்தைப் பார் என்று முகம் சுளிக்கிறான். கல்யாணம் நடக்கவில்லை. பெண் என்றால் தைரியம் வேண்டும் என்று ஒரு வரி கூடக் கிடையாது. எரிந்த காட்டின் படத்தைப் பார்க்கிற குழந்தைக்கு அவள் எதை எதிர்த்துப் போனாள் என்று தெரிந்துவிடுகிறது.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்மில் பலர் படப்புத்தகத்தை, படம் ஒட்டிய கதை என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் அது 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது எட்டின் மடங்காகத்தான் பக்கங்கள் விழும் என்பதால் வந்த கணக்கு. தலைப்பு, பதிப்பு விவரம் போன்ற பக்கங்களைக் கழித்தால் கதைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், சொற்களும் பல புத்தகங்களில் சில நூறுதான். அந்த நெருக்கடியில், படம் காட்டுவதையே எழுத்தும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

ஜான் ஷெஸ்காவும் லேன் ஸ்மித்தும் 1989இல், ஓநாய் ஊதி ஊதிப் பன்றிகளின் வீட்டைத் தள்ளும் மூன்று பன்றிக்குட்டிக் கதையை ஓநாய் வாயால் சொல்ல வைத்தார்கள். எனக்கு ஜலதோஷம், தும்மல் வந்தது, வீடு விழுந்துவிட்டது, பாட்டிக்கு கேக் செய்யச் சர்க்கரை கடன் கேட்கத்தான் போனேன் என்கிறது ஓநாய். சொற்களை மட்டும் கேட்டால் பாவமாக இருக்கும். படத்தில் அது கலக்கும் மாவுக்குள்ளிருந்து முயல் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும்! என் மகள் மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் அதைக் கண்டுபிடித்தாள். விரலை வைத்துக்கொண்டு, "பொய் சொல்றான் அப்பா" என்று கிசுகிசுத்தாள், ஏதோ ஓநாய்க்குக் கேட்டுவிடும் என்பது போல. ஓநாய் தரப்பையும் கேட்க வேண்டும், கேட்டதை எல்லாம் நம்பவும் கூடாது. இதை அந்தப் புத்தகம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அதே பன்றிகளை வைத்து டேவிட் வீஸ்னர் செய்தது வேறு. அவர் புத்தகம் 2001இல் வந்தது, படப்புத்தக ஓவியத்துக்கு அமெரிக்காவில் தரும் கால்டெகாட் பதக்கத்தை அடுத்த ஆண்டு வாங்கியது. ஓநாய் ஊதுகிற ஊதலில் முதல் பன்றி படத்தின் சட்டத்தைத் தாண்டி வெளியே போய் விழுகிறது. சொற்கள் மட்டும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும்: ஓநாய் பன்றியைத் தின்றது என்று. படத்திலோ ஓநாய் எங்கே பன்றி என்று திகைத்து நிற்கும். சட்டத்துக்கு வெளியே வந்த பன்றிக்கு உடம்பில் மயிர் தெரிகிறது, நிழல் விழுகிறது, நிஜப் பன்றி மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றும் சேர்ந்து கதை அச்சான பக்கத்தையே மடித்துக் காகித விமானம் செய்து பறக்கின்றன. அப்புறம் கிட்டத்தட்ட வெறும் வெள்ளைப் பக்கங்கள். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். என் மகள் விமானம் போகும் திசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு பக்கத்தைத் தானே புரட்டுவாள்.

ஒரு சிக்கல் உண்டு. இதெல்லாம் பழைய கதை தெரிந்த பிள்ளைக்குத்தான் இனிக்கும். வைக்கோல் வீடு, குச்சி வீடு, செங்கல் வீடு என்ற வரிசை மனப்பாடமாக இருந்தால்தான் அது உடையும்போது சிரிப்பு வரும். நேர்க்கதையே கேட்காத குழந்தையிடம் கிண்டல் கதையை முதலில் கொடுப்பது, விடுகதையின் விடையை முதலில் சொல்வது போலத்தான். அதனால் எங்கள் வீட்டில் முதலில் பழையது, அப்புறம் புதுசு. பழையதை அப்படியே சொன்னாலும் பிரமாதமாகச் சொல்ல முடியும் என்பதற்கு கோபுரத்தில் அடைபட்ட நீளக் கூந்தல்காரியின் கதையான, பால் ஜெலின்ஸ்கியின் ராபுன்சலே போதும். கதையைக் கவிழ்க்காமல், இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்களின் பாணியில் வரைந்து 1998இல் கால்டெகாட் வாங்கினார்.

எல்லாப் பயங்கரத்தையும் அப்படியே கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்னோ ஒயிட்டின் முடிவில் ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு செத்து விழும் வரை ஆடுவாள் என்று கிரிம்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நான் இன்னும் படித்துக் காட்டவில்லை. எந்தப் பக்கத்தைத் தாண்ட வேண்டும் என்பது மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் தெரிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு இருட்டுக் காட்டுப் படமே போதும், அழுதுவிடும். நம் வீட்டுப் பிள்ளை எது வரை தாங்கும் என்பது நமக்குத்தானே தெரியும்? உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்துப் புத்தகமே முன்கூட்டிப் பல்லைப் பிடுங்கிவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

நேற்றுச் சாயங்காலம் அந்தப் பரிசுப் புத்தகம் தரையில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் மூடி கழன்ற கறுப்பு ஸ்கெட்ச் பேனா. அழும் ஓநாயின் வாயில் மேலே ஆறு, கீழே ஐந்து பற்கள் வரைந்திருந்தாள். எல்லாம் முக்கோணம். ஒன்று நீண்டு போய்ப் பாட்டியின் தோள் வரை இறங்கியிருந்தது. சிறுமியின் வாய்க்குப் பக்கத்தில் எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கல்.

"இது என்னம்மா?"

"அவ கேக்கறா."

என்ன கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பேனாவுக்கு மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.