எடிங்டனை ஏன் விட்டீர்கள்?
விண்மீன்களின் முடிவை ஆராய்ந்த இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அருமை. ஆனால் அவர் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன 1930 கப்பல் பயணத்திலிருந்து ஒரே தாவலில் 1983 நோபலுக்குப் போய்விட்டீர்களே! நடுவில்தானே கதையே இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் அவர் அறைக்கே அடிக்கடி வந்து, விண்மீன் கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர், அன்றைய புகழ்பெற்ற ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன். கணக்குப் போடும் இயந்திரம் கிடைக்க உதவியதும் அவர்தான். 1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன் வெண்குள்ளனாக (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய சிறு விண்மீனாக) நிலைக்க முடியாது என்று விளக்கிவிட்டு உட்கார்ந்தார் சந்திரசேகர். வயது 24. அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். கூட்டம் சிரித்தது. கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அதுதான்! நீல்ஸ் போர், வுல்ஃப்காங் பவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் பக்கம்தான் நியாயம் என்று தனியே ஒப்புக்கொண்டார்கள், வெளியே வாய் திறக்கவில்லை.

எனக்கு ஆச்சரியம் வேறு. 1944இல் எடிங்டன் இறந்தபோது சிகாகோவில் அவரை மனதாரப் புகழ்ந்து அஞ்சலி உரை ஆற்றியவர் இதே சந்திரசேகர். நானாக இருந்தால் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டேன்.