மூன்றரை மணி வாசிப்புக்குப் பஜ்ஜி ஆகாது

மழை, ஜன்னலோரம், மடியில் புத்தகம், ஆவி பறக்கும் டீ, தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி. இந்தப் படத்தை வாரம் தவறாமல் யாராவது பகிர்கிறார்கள். அதில் ஒரு ஆள் மட்டும் இருப்பதே இல்லை: பஜ்ஜி சுடுகிறவர்.

பஜ்ஜி சூடாக இருக்கும்வரைதான் பஜ்ஜி. பத்து நிமிடம் ஆறினால் உள்ளேயிருக்கும் காயின் ஈரம் மேல்மாவுக்கு ஏறித் தொளதொளத்துவிடும். அதனால் யாரோ ஒருவர் அடுப்படியில் நின்று ஈடு ஈடாகப் போட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் கதை படிக்க, இன்னொருவர் எண்ணெய்ச் சட்டி முன்னால் வேர்த்து நிற்பதை வாசிப்பு ஓய்வு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பலகாரத்தை முதல் நாளே செய்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஞாயிறு மதியம் மூன்றரை மணிக்குப் படிக்க உட்காரும்போது அடுப்பில் டீயைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படிக்க வேறு வழி இல்லை.

புத்தகத்துக்கும் பஜ்ஜி ஆகாது. எண்ணெய் விரல் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகிப் பின்பக்க எழுத்து தெரியும். உடனே பார்த்தால் மேலும் கீழும் டிஷ்யூ வைத்து, நடுவில் முகப்பவுடரோ சோளமாவோ தூவி ஒரு நாள் கனம் ஏற்றி வைக்கலாம், ஓரளவு உறிஞ்சும். காய்ந்துபோன எண்ணெய்க் கறைக்கு வீட்டில் மருந்து கிடையாது.

நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு புத்தகத்தை எடுத்தால் மூன்றாம் பக்கத்தில் கண் சொக்கும். சோறு மட்டும் காரணமில்லை. இரண்டிலிருந்து மூன்று மணி வரை உடம்பின் கடிகாரமே இறங்கியிருக்கும். குறைவாகச் சாப்பிட்டாலும் அந்தச் சோர்வு வரும். அதோடு மல்லுக்கட்டாமல் இருபது நிமிடம் படுத்து எழுவது நல்லது. அரை மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம், எழுந்த பிறகும் மந்தம் போகாது, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரைக்கு உட்கார்ந்தால் தலை தெளிந்திருக்கும். டீக்கும் அதுவே சரியான நேரம். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பருப்பிலிருந்து உடம்பு இரும்புச்சத்தை எடுப்பது குறையும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டவர்களுக்கு மூன்றரைக்குள் போதுமான இடைவெளி கிடைத்துவிடும். அதே டீயை ஆறு மணிக்குத் தள்ளினால் இரவுத் தூக்கம் கெடும். காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும்.

உட்காரும் இடம் வடக்குப் பார்த்த ஜன்னலாக இருந்தால் கொடுத்துவைத்தவர்கள். மேற்கு ஜன்னலில் அந்த நேரத்து வெயில் நேரே தாளில் விழுந்து கண்ணைக் கூசும். மலிவான தாளில் அச்சடித்த பழைய புத்தகங்கள் அந்த வெயிலில் இன்னும் வேகமாகப் பழுக்கும். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும்.

இனி டீ. வாசிக்கும்போது குடிக்கப் பால் டீ தோதில்லை என்பது என் கட்சி. பாதிக் கதையில் தம்ளரை மறந்துவிடுவோம். பால் ஆறும்போது மேலே ஏடு படியும், அடுத்த மிடறு உதட்டில் ஒட்டும். எவர்சில்வர் தம்ளரில் இன்னும் சீக்கிரம் ஆறும். பால் டீ இல்லாமல் முடியாது என்பவர்கள் முதலில் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கலாம். இரண்டு பேருக்கு 200 மில்லி தண்ணீர், 150 மில்லி பால், தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் டீத்தூள், அரை அங்குல இஞ்சி. இஞ்சியைத் தட்டி முதலில் தண்ணீரிலேயே இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. நேரே பாலில் போட்டால் திரிந்துவிடும், கொதித்த பிறகு அந்த வேலையை அதனால் செய்ய முடியாது. வெல்லம் சேர்ப்பவர்கள் அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் அதன் புளிப்பில் பால் பிரியும். பழி பால்காரர் மேல் விழும்.

வாசிப்புக்கு என் தேர்வு நீலகிரி இலைத் தேயிலை, பால் இல்லாமல். தூள் டீ அல்ல, சுருண்ட முழு இலை. ஒரு ஆளுக்கு 2 கிராம், அதாவது குவித்த ஒரு டீஸ்பூன். 180 மில்லி தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலை மேல் ஊற்றி, மூடி, மூன்று நிமிடம். அதன்பின் வடிகட்டியே ஆக வேண்டும். இலையை அப்படியே ஊறவிட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். ‘பிளாக் டீ கசக்கும்’ என்று ஒதுக்குபவர்கள் பலர் குடித்தது இந்த ஊறிப்போன டீயைத்தான். குளிர்காலத்தில் உறைபனி இறங்கும் நாட்களில் பறித்த நீலகிரி இலை கிடைத்தால் விடாதீர்கள், அதன் மணம் தனி. இந்த டீ ஆறினாலும் ஏடு கட்டாது, குளிர்ந்தும் குடிக்கலாம். மூடியிட்ட கோப்பை இருந்தால் போதும்.

தட்டில் என்ன வைப்பது? தட்டைதான். ஆனால் கடையில் விற்கும் உள்ளங்கை அளவுத் தட்டை வேண்டாம். அதைக் கடித்தால் பாதி வாயில், பாதி புத்தக மடிப்பில். மடிப்பில் விழுந்த தூள் எறும்பை வரவழைக்கும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரே வாயில் போடும்படி தட்ட வேண்டும்.

இரண்டு கப் பச்சரிசி மாவு. இரண்டு மேசைக்கரண்டி உளுந்து மாவு, சிவக்காமல் மணம் வர வறுத்து அரைத்துச் சலித்தது. அதே அளவு பொட்டுக்கடலை மாவு. ஒன்றரை மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, கிள்ளிய கறிவேப்பிலை, ஒரு மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி. பருப்பையும் கறிவேப்பிலையையும் துணியில் ஒற்றி ஈரம் போக்குவது முக்கியம். அந்த ஈரம்தான் எண்ணெயில் வெடிக்கும். வெண்ணெயை மாவில் விரல்களால் பிசறி, ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். வெண்ணெய் குறைந்தால் தட்டை கல் மாதிரி ஆகும். கூடினால் எண்ணெயில் போட்டதும் கரைந்து பிரியும், சட்டி முழுக்க நுரை.

மாவு மொத்தத்துக்கும் ஒரே தடவையில் தண்ணீர் விடாதீர்கள். பிசைந்த மாவு கிடக்கக் கிடக்கக் கடைசி ஈடு சிவந்துபோய் எண்ணெய் குடிக்கும். நாலாகப் பிரித்து அவ்வப்போது பிசையுங்கள். சீராகத் தட்டி, முள்கரண்டியால் மூன்று நான்கு குத்து. இதை விட்டால் பூரி மாதிரி உப்பும், உப்பினது மொறுமொறுப்பாக வராது. தட்டியவற்றைத் துணியில் ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் மேல் ஈரம் இழுத்துவிடும். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். அதிகச் சூட்டில் வெளியே சிவந்து உள்ளே மெத்தென்று நிற்கும், மறுநாள் நமத்துப்போகும். எண்ணெயின் சலசலப்பு அடங்குவதுதான் எடுக்கும் அடையாளம், நிறத்தை நம்பாதீர்கள். வடிதட்டில் பரப்பி, காகிதத்தில் ஒற்றி, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் மொத்தத்தையும் கெடுக்கும். சரியாகச் செய்தது இரண்டு வாரம் நிற்கும், அதாவது இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை அடுப்படியில் நின்றால் போதும்.

இனிப்புக்குக் கடலை உருண்டை, நெல்லிக்காய் அளவில். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கப், வெல்லம் அரை கப், பாகுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் கையில் ஒட்டும், புத்தகப் பக்கத்திலும் ஒட்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவசம் அது இருந்தால் உருண்டைக்கு மெனக்கெடவே வேண்டாம். எதுவானாலும் மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பா. வெல்லம் ஈரத்தை இழுக்கும். மாலாடு ருசியில் குறைந்ததல்ல, ஆனால் உதிரும். அதைப் புத்தகம் இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

புத்தகத்தை முதல் நாள் இரவே எடுத்து வைக்க வேண்டும். மூன்றரைக்கு அலமாரி முன் நின்று தேட ஆரம்பித்தால் கால் மணி போய்விடும். ஒரு மணி நேரத்துக்குச் சிறுகதையோ கட்டுரையோதான் பொருந்தும். பத்துப் பக்கக் கதையை இருபது நிமிடத்தில் நிதானமாகப் படித்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் இருந்து, இன்னொன்றுக்குப் போகலாம். தலையணை அளவு நாவலை ஞாயிறுக்கு ஞாயிறு படித்தால் ஒவ்வொரு வாரமும் பாத்திரங்களின் பெயரைத் தேடிக்கொண்டிருப்போம். போன் வேறு அறையில் கிடக்கட்டும், கவிழ்த்து வைத்தால் போதாது.

புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்கு: சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இங்கே, அன்றைய மதராஸ் மாகாணத்தில் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். கிளை நூலகத்தின் சிறுகதை அலமாரி நம் காசில் வாங்கியது, அதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. போய் எடுங்கள். ஆனால் நூலகப் புத்தகத்தைத் தட்டைக்கு அருகில் கொண்டுவராதீர்கள். நமக்குப் பின்னால் அதைப் படிக்க ஆள் இருக்கிறார்கள்.

டீ கொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை பரவும், நனைந்த தாள் நாராக எழும். பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நனைந்த பக்கங்களுக்கு இடையே வெள்ளைத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள். வெள்ளைத்தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். லேசான ஈரம் மிஞ்சும்போது மூடிக் கனம் ஏற்றினால் தாள் அலையலையாகக் காயாது. பளபளப்பான படத்தாள் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கவே முடியாது. கொட்டாமலிருக்க எளிய வழி, கோப்பையை மேசையில் வைக்காமல் முட்டிக்குக் கீழே ஒரு முக்காலியில் வைப்பது. அங்கே கொட்டினாலும் தரைக்குத்தான் போகும்.

வேலைப் பங்கீட்டையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சனிக்கிழமை தட்டை தட்டியவர் ஞாயிறு டீ போட வேண்டாம். மாவு பிசையத் தெரியாதவருக்கும் மூன்று நிமிடம் கடிகாரம் பார்த்து டீ வடிக்க முடியும், நாலரைக்குக் கோப்பையும் வடிகட்டியும் கழுவி வைக்க முடியும். தட்டை சுட்டவர் அப்போது இரண்டாவது கதையில் இருப்பார்; ராத்திரிக்கு என்ன சமையல் என்று அவரிடம் போய்க் கேட்காதீர்கள்.